பெயர் நீங்கலாக

2007 ஏப்ரல் 8ஆம் தேதி டெபியன் 4.0 வெளிவந்தது. டாய் ஸ்டோரி படத்தில் வரும் பொம்மைகளின் பெயரை ஒவ்வொரு வெளியீட்டுக்கும் சூட்டுவது டெபியன்காரர்களின் வழக்கம். இந்த முறை எட்ச். நிறுவி முடித்து இணையம் பார்க்கலாம் என்று மெனுவைத் திறந்தவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸ் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் ஐஸ்வீசல் என்று ஏதோ ஒன்று இருந்தது. திறந்தால் அதே டேப், அதே மெனு, அதே குறுக்குவிசைகள். உள்ளே இருந்த நிரலும் ஏறக்குறைய வரிக்கு வரி அதேதான். பெயரும் படமும் மட்டும் வேறு. மின்னஞ்சலுக்கு தண்டர்பேர்டைத் தேடினால் ஐஸ்டவ். சீமங்கியைத் தேடினால் ஐஸ்ஏப். நெருப்புக்குப் பதில் பனி, நரிக்குப் பதில் வீசல், இடிப்பறவைக்குப் பதில் பனிப்புறா, கடல்குரங்குக்குப் பதில் பனிவாலில்லாக்குரங்கு. (வீசல் என்பது நம் நீர்நாய் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்த சின்ன விலங்கு. ஆங்கிலத்தில் நழுவிப் போகிறவனைத் திட்டவும் அந்தப் பெயரைச் சொல்வார்கள். அந்தக் குத்தல் தற்செயலானது அல்ல.)

பார்க்க ஒரு கேலி மாதிரி இருக்கும். கேலிதான். ஆனால் அந்தக் கேலி பத்து வருடம் நீடித்தது. அதற்குக் காரணம் இரண்டு நல்ல அமைப்புகள். இரண்டுமே லாபத்துக்காகத் தொடங்கப்பட்டவை அல்ல, இரண்டுமே தங்கள் நிரலை யாருக்கும் இலவசமாகக் கொடுப்பவை. நிரலைப் பற்றி அவர்களுக்குள் சண்டையே இல்லை. ஒரு சொல்லைப் பற்றித்தான்.

சண்டைக்குள் போகும் முன் ஒரு சொல்லாராய்ச்சி. தமிழில் காப்புரிமை என்ற சொல்லை காப்பிரைட்டுக்கும் போடுகிறோம், பேட்டன்ட்டுக்கும் போடுகிறோம், சில நாளிதழ்கள் டிரேட்மார்க்குக்கும் போட்டுவிடுகின்றன. மூன்றும் மூன்று வேறு சட்டங்கள். எழுத்துக்கும் நிரலுக்கும் இருப்பது பதிப்புரிமை. கண்டுபிடிப்புக்கு இருப்பது காப்புரிமை. ஒரு பொருள் யாரிடமிருந்து வருகிறது என்று காட்டும் பெயருக்கும் படத்துக்கும் இருப்பது வணிகச்சின்ன உரிமை. கட்டற்ற மென்பொருள் உரிமங்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் விட்டுக்கொடுக்கின்றன. பேட்டன்ட் பற்றிச் சில உரிமங்கள் பேசும். பெயரைப் பற்றிப் பெரும்பாலானவை பேசாது. பேசினால், தரமாட்டேன் என்று சொல்லத்தான் பேசும். 2004இல் வந்த அப்பாச்சி உரிமத்தின் இரண்டாம் பதிப்பு ஆறாவது பிரிவில் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: நிரல் உங்களுக்கு, பெயர் எங்களுக்கு. எங்கள் தொழிலில் ஒரு நூலகத்தை எடுத்துப் பயன்படுத்தும் முன் உரிமக் கோப்பைத் திறந்து பார்ப்போம். பெயர் யாருடையது என்று பார்த்த ஆளை நான் அதிகம் கண்டதில்லை.

பதிப்புரிமையும் வணிகச்சின்னமும் எதிரெதிர்த் திசையில் வேலை செய்பவை. பதிப்புரிமையை நீங்கள் எவ்வளவு தாராளமாக அள்ளிக் கொடுத்தாலும் அது உங்களிடமே இருக்கும். வணிகச்சின்னம் அப்படி இல்லை, கண்டுகொள்ளாமல் விட்டால் போய்விடும். அமெரிக்கச் சட்டத்தில், உங்கள் பெயரை மற்றவர்கள் பயன்படுத்த அனுமதித்துவிட்டு அவர்கள் தரும் சரக்கின் தரத்தைக் கண்காணிக்காமல் இருந்தால், நீங்கள் அந்தப் பெயரைக் கைவிட்டுவிட்டதாக நீதிமன்றம் கருதலாம். இப்படி மேற்பார்வை இல்லாமல் கொடுக்கும் அனுமதிக்கு அங்குள்ள வழக்கறிஞர்கள் வைத்திருக்கும் பெயர் அம்மண உரிமம். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, அதுதான் சட்டச் சொல். இன்னொரு ஆபத்து, பெயர் பொதுச்சொல்லாகிவிடுவது. ஆஸ்பிரின் அமெரிக்காவில் 1921இலும் எஸ்கலேட்டர் 1950இலும் இப்படிப் பறிபோயின. ஜெராக்ஸ் நிறுவனம் இதற்காகவே பல ஆண்டுகள் விளம்பரம் கொடுத்துப் போராடியது. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளைப் பார்த்தால் அவர்களுக்கு நெஞ்சு வலி வந்திருக்கும்.

ஆக, எடுத்துக்கொள், மாற்று, பகிர் என்று சொல்லும் ஓர் உலகத்துக்குள், கண்காணி இல்லையேல் இழப்பாய் என்று சொல்லும் ஒரு சட்டம் நுழைகிறது. மோதல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்த மோதலை முதலில் முன்னுணர்ந்தவர் ஒரு வழக்கறிஞர் இல்லை, டொனால்ட் க்னூத். அவர் எழுதிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் நிரலை யாரும் எடுத்து எதையும் செய்யலாம். ஆனால் மாற்றியதை டெக் என்று அழைக்கக் கூடாது. அந்தப் பெயரைச் சூட்ட வேண்டுமானால் அவரே எழுதிய டிரிப் என்ற கொடூரமான சோதனைக் கோப்பில் அது தேற வேண்டும். பெயரை அமெரிக்கக் கணிதவியல் கழகம் தன் வணிகச்சின்னமாக உரிமை கோருகிறது. க்னூத்தின் கவலை பணம் சம்பந்தப்பட்டது அல்ல. ஒரு கணிதக் கட்டுரையை இன்று அச்சுக்கோத்தாலும் முப்பது வருடம் கழித்து அச்சுக்கோத்தாலும் வரி உடையும் இடம் மாறக்கூடாது. டெக் என்று போட்டிருந்தால் அந்த உத்தரவாதம் உண்டு என்று பொருள். அதன் பதிப்பு எண்கள் 3.14, 3.141 என்று பையை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். தன் மரணத்துக்குப் பிறகு எண்ணைப் பை என்றே நிறுத்திவிட வேண்டும், அதன் பிறகு எஞ்சியிருக்கும் பிழைகள் எல்லாம் நிரந்தர அம்சங்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். இப்படிப்பட்ட மனிதர் பெயரை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றால் யாருக்கும் கோபம் வரவில்லை.

டெபியனுக்கும் வரவில்லை. இது முக்கியம். 1997இல் டெபியன் தன் சமூக ஒப்பந்தத்தையும், எது கட்டற்ற மென்பொருள் என்று தீர்மானிக்கும் வழிகாட்டு நெறிகளையும் ஏற்றுக்கொண்டது. அதன் நான்காவது நெறி, மாற்றப்பட்ட பதிப்புக்கு வேறு பெயரோ வேறு எண்ணோ வேண்டும் என்று ஓர் உரிமம் கேட்கலாம் என்று அனுமதிக்கிறது. இது ஒரு சமரசம் என்று அந்த நெறியின் வாசகமே ஒப்புக்கொள்கிறது. எட்டாவது நெறி வேறொன்று சொல்கிறது: டெபியனுக்கு மட்டும் என்று தரப்படும் உரிமை எங்களுக்கு வேண்டாம். டெபியனிலிருந்து எடுத்து வெளியே கொண்டுபோகிறவருக்கும் அதே உரிமை இருக்க வேண்டும். டெபியனை அடியாகக் கொண்டு அப்போதே பல இயங்குதளங்கள் இருந்தன. நாப்பிக்ஸ் இருந்தது, உபுண்டு வளர்ந்துகொண்டிருந்தது. சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் கூட டெபியனின் வழிவந்ததுதான். இந்த எட்டாவது நெறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை இதில்தான் மாட்டிக்கொள்ளப் போகிறது.

கட்டற்ற மென்பொருள்காரர்களுக்கு வணிகச்சின்னம் என்றாலே கசக்க இன்னொரு காரணமும் இருந்தது. லினக்ஸ் என்ற பெயரை முதலில் அமெரிக்காவில் பதிவு செய்தவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அல்ல. பாஸ்டன் பகுதியைச் சேர்ந்த வில்லியம் டெல்லா குரோச்சே என்பவர் 1994இல் விண்ணப்பித்து 1995இல் பதிவு வாங்கிவிட்டார். லினக்ஸின் ஒரு வரியைக்கூட எழுதாதவர். 1996இல் லினக்ஸ் விற்கும் நிறுவனங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் ராயல்டி கேட்டுக் கடிதங்கள் போயின. அவர்கள் ஒன்று சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 1997இல் சமரசமாகி, பெயர் டோர்வால்ட்ஸ் கைக்கு வந்தது. பெயரைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பது பெருந்தன்மை இல்லை, வேறொருவன் வந்து உட்காரக் காலி நாற்காலி போட்டு வைப்பது என்பதை அன்று எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்.

மொசில்லா அதைத் தன் தோலில் கற்றுக்கொண்டது. ஃபயர்ஃபாக்ஸ் பிறந்தது 2002 செப்டம்பரில், பீனிக்ஸ் என்ற பெயரில். பீனிக்ஸ் டெக்னாலஜிஸ் என்ற பயாஸ் நிறுவனம் ஆட்சேபித்தது. 2003 ஏப்ரலில் ஃபயர்பேர்ட் என்று மாற்றினார்கள். ஃபயர்பேர்ட் என்று ஏற்கெனவே ஒரு திறந்த மூலத் தரவுதளம் இருந்தது. அந்தக் குழுவினர் கொதித்தெழுந்தார்கள், நியாயமாகவே. 2004 பிப்ரவரியில்தான் ஃபயர்ஃபாக்ஸ். பதினேழு மாதத்தில் மூன்றாவது பெயர். இந்த முறை யாரும் கேள்வி கேட்க முடியாதபடி பதிவு செய்து, ஜான் ஹிக்ஸ் தீட்டிய, பூமியைச் சுற்றிச் சுருண்ட அந்த நரியை லோகோவாக்கி, 2004 நவம்பர் 9ஆம் தேதி 1.0 பதிப்பை வெளியிட்டார்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஏகபோகமாக இருந்த காலம். அந்த நரிப்படமும் பெயரும்தான் சாதாரண ஆட்களிடம் போய்ச் சேர்ந்தன. மொசில்லாவிடம் இருந்த ஒரே சொத்து அது என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் மற்றதெல்லாம் யாரும் பிரதி எடுக்கக் கூடியது.

பெயரைக் காப்பதும் நிரலைத் திறந்து வைப்பதும் வெளியாட்களுக்கு எவ்வளவு குழப்பம் என்பதற்கு ஒரு சம்பவம். மொசில்லாவில் உரிம விவகாரங்களைக் கவனித்த ஜெர்வேஸ் மார்க்கம் 2006இல் லண்டன் டைம்ஸின் இணையப் பதிப்பில் எழுதியது. இங்கிலாந்தின் வடபகுதியில் வணிகத் தர நிர்ணய அதிகாரி ஒருவர், ஃபயர்ஃபாக்ஸை சிடியில் பதிந்து விற்றவர்களைப் பிடித்துவிட்டு, நடவடிக்கை எடுக்க வசதியாக மொசில்லாவுக்குத் தகவல் அனுப்பினார். விற்றால் பரவாயில்லை, எங்கள் உரிமம் அனுமதிக்கிறது என்று மார்க்கம் பதில் போட்டார். அதிகாரிக்கு நம்ப முடியவில்லை. எழுதுகிறவர் உண்மையிலேயே மொசில்லாக்காரர்தானா என்ற சந்தேகமே வந்துவிட்டது. நீங்கள் இப்படி அனுமதித்தால் திருட்டுப் பிரதிகளை நாங்கள் எப்படித்தான் ஒழிப்பது என்று நொந்துகொண்டார். இதில் சுவாரசியம் என்னவென்றால், அதே சிடியில் யாராவது நிரலை மாற்றி, வேவுபார்க்கும் எதையாவது சொருகி, ஃபயர்ஃபாக்ஸ் என்று எழுதி விற்றிருந்தால் மார்க்கமே புகார் கொடுத்திருப்பார். பதிப்புரிமையால் அதைத் தடுக்க முடியாது. பெயரால்தான் முடியும். "போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்" என்று பொட்டலத்தில் அச்சடிக்கும் உரிமை அது.

இனி டெபியன் பக்கம். அங்கே ஃபயர்ஃபாக்ஸ் தொகுப்பைப் பராமரித்தவர் எரிக் டார்லண்ட். அவருக்கு முதல் பிரச்சினை லோகோ. நரிப்படத்தின் பதிப்புரிமை கட்டற்ற உரிமத்தில் தரப்படவில்லை. படக்கோப்பும் மென்பொருளின் ஒரு பகுதிதான் என்பது டெபியனின் கணக்கு. எனவே நரியை எடுத்துவிட்டு, மொசில்லா நிரலிலேயே மாற்றாக வைத்திருந்த வெறும் நீலப் பந்தைப் போட்டார்கள். பெயர் ஃபயர்ஃபாக்ஸ் என்றே இருந்தது. நரி இல்லாத நரி. 2004, 2005இல் மார்க்கமுக்கும் டெபியனுக்கும் நீண்ட கடிதப் போக்குவரத்து நடந்தது. மொசில்லா, டெபியனை நம்புகிறோம், உங்களுக்குப் பெயரைப் பயன்படுத்த அனுமதி தருகிறோம் என்றது. எட்டாவது நெறி குறுக்கே வந்தது. எங்களுக்கு மட்டும் தந்தால் எங்களிடமிருந்து எடுப்பவனுக்கு? இதற்கு யாரும் முழுத் தீர்வு சொல்லவில்லை. தொகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. இருதரப்பும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். பல குடும்பங்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

2005 ஆகஸ்டில் மொசில்லா கார்ப்பரேஷன் உருவானது. பணம் வந்தது, பயனர்கள் கோடிக்கணக்கில் வந்தார்கள். 2006 பிப்ரவரியில் அதன் மைக் கானர் டெபியனின் பிழைப்பதிவேட்டில் ஒரு பிழையைப் பதிந்தார். எண் 354622. பிழை என்னவென்றால், அனுமதி இல்லாமல் எங்கள் வணிகச்சின்னத்தைப் பயன்படுத்துகிறீர்கள். பிழைப்பதிவேட்டில் வழக்கமாக எழுத்துரு தெரியவில்லை, உலாவி நின்றுவிடுகிறது என்றுதான் எழுதுவார்கள். சட்ட நோட்டீஸை அங்கே ஒட்டியது பலருக்கு உறுத்தியது. அந்த வருடம் செப்டம்பரில் விவாதம் சூடானபோது கானர் நிலைப்பாட்டைத் தெளிவாக்கினார். பெயரும் படமும் சேர்ந்தே வர வேண்டும். பெயரை மட்டும் எடுத்து படத்தை விட முடியாது. நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் மொசில்லா பார்த்து ஒப்புதல் தர வேண்டும். முன்பு பேசியதெல்லாம் இனிச் செல்லாது. எட்ச் வெளியீட்டுக்காகக் கதவடைக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

டெபியன் ஏன் மாற்றங்கள் செய்தது என்று கேட்க வேண்டும். வீம்புக்கு அல்ல. எட்ச் பதினோரு வகைக் கணினிக் கட்டமைப்புகளில் ஓடியது. அவற்றில் பலவற்றை மொசில்லா சீந்தவே இல்லை. உலாவி தானே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை டெபியன் நிறுத்தி வைக்கும், ஏனென்றால் புதுப்பிப்பது ஆப்ட்டின் வேலை. எல்லாவற்றுக்கும் மேலே, டெபியனின் நிலைப்பதிப்பு என்றால் பதிப்பு எண் உறைந்துபோனது என்று பொருள். 2005 ஜூனில் வந்த சார்ஜ் ஃபயர்ஃபாக்ஸ் 1.0.4உடன் வந்தது. அதன் ஆயுள் முழுக்க அந்த வரிசைதான். மொசில்லாவோ 1.0 வரிசையைக் கைவிட்டு 1.5க்குப் போய்விட்டது. பிறகு வரும் பாதுகாப்புத் திருத்தங்களை டெபியன் தன்னார்வலர்களே புதுப்பதிப்பிலிருந்து பிரித்தெடுத்து, பழையதில் கையால் ஒட்ட வேண்டும். ஓர் ஓட்டை தெரியவந்து உலகம் முழுக்கத் தாக்குதல் நடக்கும்போது, திருத்தத்தை மொசில்லாவுக்கு அனுப்பி, ஒப்புதலுக்குக் காத்திருந்து, பிறகு வெளியிட முடியுமா? ஒப்புதல் வராவிட்டால் பயனர்களை ஓட்டையோடு விடுவதா? டெபியன்காரர்களின் கேள்வி இதுதான். எனக்கு இது அசைக்க முடியாத வாதமாகத் தெரிகிறது.

ஆனால் மறுபக்கமும் அசைக்க முடியாததுதான். ஃபயர்ஃபாக்ஸ் 1.0.4 என்று பெயர் போட்டு, மொசில்லாவில் ஒருவர்கூடப் பார்த்திராத ஒட்டுகளுடன் ஓர் உலாவி உலவுகிறது. அதில் ஒன்று தப்பாகப் போனால் யார் பெயர் கெடும்?

கற்பனையான பயமா இது? இல்லை. ஏறக்குறைய அதே வாரங்களில், 2006 செப்டம்பரில், டெபியனில் இன்னொரு மூலையில் ஒரு தொகுப்பு பதிவேறியது. ஓப்பன்எஸ்எஸ்எல். நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரிண்ட் என்ற கருவி அந்த நிரலில் சில வரிகளைப் பற்றி எச்சரித்துக்கொண்டே இருந்தது. தொகுப்பாளர் மூலத் திட்டத்தின் மடற்குழுவில் கேட்டார், எதிர்ப்பு வரவில்லை. இரண்டு வரிகளை நீக்கினார். அதில் ஒரு வரிதான் குறியாக்கச் சாவிகளுக்குத் தற்செயல்தன்மையை ஊட்டியது. அது போனதும், சாவிக்கு மூலமாக எஞ்சியது ஓடும் நிரலின் செயல் எண் மட்டும். ஒரு வகைக் கணினியில், ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு, உலகத்தில் மொத்தமே 32,767 சாவிகள்தான் சாத்தியம் என்றானது. ஒரு மடிக்கணினியில் எல்லாவற்றையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். 2008 மே 13ஆம் தேதி இது அறிவிக்கப்படும்வரை, சுமார் இருபது மாதம், டெபியனிலும் உபுண்டுவிலும் பிறந்த எஸ்எஸ்எச் சாவிகளும் இணையதளச் சான்றிதழ்களும் பூட்டு மாதிரி நடித்துக்கொண்டிருந்தன. தொகுப்பின் பெயர் ஓப்பன்எஸ்எஸ்எல் என்றேதான் இருந்தது. ஐஸ்எஸ்எஸ்எல் என்று யாரும் மாற்றச் சொல்லவில்லை.

அந்தச் செய்தி வந்த நாளில் மொசில்லா அலுவலகத்தில் யாராவது லேசாகச் சிரித்திருந்தால் குற்றம் சொல்ல மாட்டேன். அதே சமயம், மேலிடத்தின் ஒப்புதல் எல்லாவற்றையும் காப்பாற்றும் என்பதையும் இந்தச் சம்பவம் நிரூபிக்கவில்லை. தொகுப்பாளர் கேட்கத்தான் செய்தார். கேட்ட இடத்தில் யாரும் உன்னிப்பாகப் பார்க்கவில்லை.

2006 அக்டோபரில் டெபியன் முடிவெடுத்தது. பெயரை விட்டுவிடலாம். நான்காவது நெறி சொல்வதும் அதுதானே? வேறு பெயர் வைக்கச் சொன்னால் வைக்க வேண்டியதுதான். இந்த விவாதம் 2004இல் தொடங்கியபோதே யாரோ நக்கலாக முன்மொழிந்திருந்த ஐஸ்வீசல் தயாராக இருந்தது. க்னூ திட்டமும் தன் சொந்த மாற்றுப் பதிப்புக்கு அதே பெயரை வைத்துக்கொண்டது. பிறகு குழப்பம் வேண்டாமென்று 2007இல் அவர்கள் ஐஸ்கேட் ஆனார்கள். பெயர்ச் சண்டையில் பிறந்த பெயருக்கே பெயர்க் குழப்பம். உபுண்டு வேறு வழியில் போனது. மொசில்லாவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, பெயரையும் நரியையும் சேர்த்தே வைத்துக்கொண்டது.

அடுத்த பத்து வருடங்களில் ஐஸ்வீசல் பட்ட பாடு பெரும்பாலும் சில்லறைத் தொல்லைகள்தான், ஆனால் யார் தலையில் விழுந்தன என்று பாருங்கள். உலாவி எந்தத் தளத்துக்குப் போனாலும் தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும். ஐஸ்வீசல் தன்னை ஐஸ்வீசல் என்று சொன்னது. பல தளங்கள் ஃபயர்ஃபாக்ஸ் என்ற சொல்லை மட்டும் தேடிப் பார்த்து, இல்லையென்றால் உங்கள் உலாவி ஆதரிக்கப்படவில்லை என்று கதவைச் சாத்தின. கடைசியில் டெபியன்காரர்கள் அறிமுக வரியில் ஓர் ஒட்டு போட்டார்கள்: ஐஸ்வீசல், அடைப்புக்குறிக்குள் "ஃபயர்ஃபாக்ஸ் மாதிரி". வாசலில் விட்டு வந்த பெயர் கொல்லைப்புறமாக உள்ளே வந்தது. மொசில்லா வழக்குப் போடவில்லை. இயந்திரத்திடம் சொல்லும் பெயரை வாடிக்கையாளரிடம் சொல்லும் பெயராகக் கருத முடியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே நாடகத்தின் இன்னும் சிரிப்பான காட்சி ரெட் ஹாட் வீட்டில் நடந்தது. அவர்களுடைய வணிக லினக்ஸின் மூலநிரலை எடுத்து, மறுபடி தொகுத்து, இலவசமாகத் தந்தது சென்ட்ஓஎஸ். ஜிபிஎல் உரிமப்படி அதைத் தடுக்க முடியாது. 2005இல் ரெட் ஹாட்டின் வழக்கறிஞர்கள் பெயரைப் பற்றிக் கடிதம் அனுப்பினார்கள். சென்ட்ஓஎஸ் தன் பக்கங்களிலிருந்து அந்தப் பெயரையே துடைத்துவிட்டு, வட அமெரிக்காவின் பிரபல நிறுவன லினக்ஸ் விற்பனையாளர் ஒருவர் என்று எழுத ஆரம்பித்தது. புருஷன் பெயரைச் சொல்லாத அந்தக் காலத்து மனைவி மாதிரி. எல்லோருக்கும் யார் என்று தெரியும். கட்டற்ற நிரலை விற்றுப் பிழைத்த ரெட் ஹாட்டுக்கு அந்தப் பெயர்தான் வேலி. நிரல் முழுக்கத் தெருவில் கிடக்க, வாங்குபவர் பணம் கொடுத்தது தொப்பிக்காரர் பொறுப்பேற்கிறார் என்பதற்காக.

டெபியனைப் புனிதராக்கவும் வேண்டாம். அதற்கு இரண்டு லோகோக்கள் இருந்தன. எல்லோரும் அறிந்த சிவப்புச் சுழி பொதுப் பயன்பாட்டுக்கு. சுழி ஒரு குடுவையிலிருந்து புகையாக எழும் இன்னொன்று, டெபியனின் அதிகாரபூர்வப் பயன்பாட்டுக்கு மட்டும். பொதுச் சுழியின் உரிமமே டெபியனின் சொந்த நெறிகளின்படி கட்டற்றதாக இல்லை. நரியைக் குறைசொன்ன வீட்டில் சுழி அப்படித் தொங்கியது. பிறகு சுழியின் பதிப்புரிமையைத் தாராள உரிமங்களுக்கு மாற்றினார்கள். டெபியன் என்ற சொல்லை வணிகச்சின்னமாக வைத்துக்கொண்டு, 2013 ஜனவரியில் விரிவான கொள்கை ஒன்றை வெளியிட்டார்கள். படத்தின் பதிப்புரிமை வேறு, படம் சுட்டும் பெயருரிமை வேறு, ஒன்றைத் திறந்துவிட்டு இன்னொன்றைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்களுக்கே அதற்குள் பழகிவிட்டது.

உபுண்டுவும் ஒரு கட்டத்தில் மறுமுனைக்குப் போய் நின்றது. அதன் உரிமையாளரான கனோனிக்கலின் கொள்கை, உபுண்டுவை மாற்றி வெளியிடுபவர் வணிகச்சின்னங்களை நீக்கினால் மட்டும் போதாது, மூலநிரலிலிருந்து எல்லாவற்றையும் தாங்களே மறுபடி தொகுக்கவும் வேண்டும் என்றது. ஜிபிஎல் தரும் உரிமையை வணிகச்சின்னத்தைக் காட்டிப் பிடுங்குகிற காரியம் இது என்று பலர் கொதித்தார்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இரண்டு வருடம் பேசிய பிறகு, 2015 ஜூலையில் ஒரு வரி சேர்க்கப்பட்டது: தொகுப்பின் உரிமம் தரும் எந்த உரிமையையும் இந்தக் கொள்கை குறைக்காது. மொசில்லா 2006இல் கேட்டதைவிட இது மோசம் என்பது என் கட்சி. மொசில்லா, என் பெயர் வேண்டுமென்றால் என் பேச்சைக் கேள் என்றது. பெயரைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம். கனோனிக்கல் பெயரைக் கொடுத்துவிட்டுப் போகிறவனையும் சுமை தூக்கச் சொன்னது.

பெயர் எப்போதும் பெரியவன் கையில் இருக்கும் ஆயுதமும் அல்ல. இலாஸ்டிக் என்ற நிறுவனம் எழுதிய இலாஸ்டிக்சர்ச்சை எடுத்து அமேசான் 2015இல் அமேசான் இலாஸ்டிக்சர்ச் சர்வீஸ் என்று விற்றது. நிரலை எடுப்பதை உரிமம் அனுமதித்தது. 2019இல் இலாஸ்டிக் வழக்குத் தொடுக்க எஞ்சியிருந்த பிடி, பெயர். 2021இல் இலாஸ்டிக் உரிமத்தையே மாற்ற, அமேசான் தன் கிளைக்கு ஓப்பன்சர்ச் என்று பெயர் வைத்தது. 2022 பிப்ரவரியில் வழக்கு சமரசமானது. எதிர்த்திசையில் ஓர் உதாரணம் ஹட்சன். சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிள் அந்தப் பெயர் தன்னுடையது என்றது. 2011 ஜனவரியில் சமூகம் 214க்கு 14 என்று வாக்களித்து ஜென்கின்ஸ் ஆகி வெளியேறியது. ஹட்சன் என்று ஒன்று இருந்ததே இன்று சேரும் புதுப் பொறியாளர்களுக்குத் தெரியாது. ஆரக்கிள் கையில் பெயர் மிஞ்சியது, பெயருக்கு உள்ளே யாரும் மிஞ்சவில்லை.

ஐஸ்வீசல் விவகாரம் எப்படித் தீர்ந்தது? யாரும் ஜெயிக்கவில்லை, சூழல் மாறியது. 2011இல் மொசில்லா ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு என்று ஓட ஆரம்பித்தது. பழைய பதிப்பில் கையால் ஒட்டுப்போடுவது டெபியனுக்கு நடைமுறையில் முடியாத காரியமானது. 2012இல் நிறுவனங்களுக்காக நீண்ட ஆதரவுப் பதிப்பு ஒன்றை மொசில்லா கொண்டுவர, 2013இல் டெபியனின் நிலைப்பதிப்பும் அதற்கு மாறியது. ஆக, ஒட்டுப்போடுவது யார் என்ற மையக் கேள்வியே கரைந்துவிட்டது. ஒட்டை மொசில்லாவே போட்டது. லோகோவின் பதிப்புரிமையும் கட்டற்ற உரிமத்துக்கு வந்தது. ஆட்களும் கலந்துவிட்டார்கள்: ஐஸ்வீசலைப் பராமரித்த மைக் ஹோமி மொசில்லாவில் வேலைக்குச் சேர்ந்தார். 2016 பிப்ரவரியில் சில்வெஸ்தர் லெத்ரூ, டெபியன் உறுப்பினராகவும் மொசில்லா ஊழியராகவும் இருந்தவர், பிழை எண் 815006ஐப் பதிந்தார்: ஐஸ்வீசலை ஃபயர்ஃபாக்ஸ் என்று மாற்றுவோம். டெபியன் செய்யும் மாற்றங்கள் தரத்தைக் கெடுப்பதில்லை என்று மொசில்லா ஒப்புக்கொண்டது. 2006இல் கேட்ட முன்னொப்புதலின் இடத்தில் இப்போது பழக்கத்தால் வந்த நம்பிக்கை இருந்தது. கவனித்தால், சட்டம் ஒரு வரிகூட மாறவில்லை.

எட்டாவது நெறி கேட்ட கேள்விக்கு மட்டும் இன்றைக்கும் பதில் முழுசாக இல்லை. டெபியனிலிருந்து ஃபயர்ஃபாக்ஸை எடுத்து, நாளை நீங்கள் உங்கள் இஷ்டத்துக்கு மாற்றி வெளியிட்டால், மொசில்லா பெயரைக் கேட்கலாம். அதற்காகவே ஃபயர்ஃபாக்ஸ் நிரலைத் தொகுக்கும்போது அதிகாரபூர்வச் சின்னம் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு விசை இருக்கிறது. வேண்டாம் என்றால் நரி மறைந்துவிடும். வேறு பெயர் வைத்துக்கொள்ள வேண்டியது உங்கள் பாடு.

2016 ஜூனில் ஃபயர்ஃபாக்ஸ் டெபியனின் நிலைப்பதிப்புக்குத் திரும்பியது. ஐஸ்டவ் அடுத்த வருடம் மறுபடி தண்டர்பேர்ட் ஆனது. ஐஸ்வீசல் என்ற தொகுப்பை உடனே அழித்துவிடவில்லை. பழைய கணினிகள் மேம்படுத்தும்போது திணறக்கூடாது என்று, அந்தப் பெயரில் ஒரு வெற்றுத் தொகுப்பைச் சிறிது காலம் விட்டு வைத்திருந்தார்கள். அதற்குள் ஒரு வரி நிரலும் கிடையாது. நிறுவினால், போய் ஃபயர்ஃபாக்ஸைக் கொண்டுவரச் சொல்லும்.